கரடி கீறிய கிளிஞ்சல்கள்

கருங்காலிக் காட்டின் கடைக்கோடிக் குட்டையில் வண்டலி என்னும் ஆமை வசித்தாள். அந்தக் காட்டில் எதை வாங்கவும் கிளிஞ்சல் கொடுக்க வேண்டும். வெறும் கிளிஞ்சல் செல்லாது. கரடியரசன் தன் நகத்தால் ஒரு கீறல் போட்ட கிளிஞ்சலே செல்லும்.

வண்டலியின் இளமையில், அன்றைய கரடியரசன் பாறைமேல் ஏறி முழங்கினான்: "ஒரு கிளிஞ்சலுக்கு ஒரு தேனடை! நூறு தலைமுறைக்கும் இது மாறாது!"

மற்ற விலங்குகள் ஆரவாரம் செய்துவிட்டுத் தேனடை வாங்கப் போயின. பத்து, இருபது ஆண்டுகளில் சாகப்போகிறவற்றுக்கு நூறு தலைமுறையைப் பற்றி என்ன கவலை? வண்டலிக்குக் கவலை இருந்தது. ஆமையின் ஆயுள் நீளம். முதுமையில் நெடுமடுவின் கரையில் ஓர் இடம் வாங்கத் தீர்மானித்தாள். எந்தக் கோடையிலும் வற்றாத மடு அது. இடத்தின் விலை நூறு கிளிஞ்சல்.

நூறும் சேர்ந்தன. குட்டையில் அப்போது நீர் ததும்பியதால் அவசரமில்லை. எதைக் காப்பாற்ற நினைத்தாலும் மணலில் புதைப்பது ஆமைகளின் வழக்கம். முட்டையைப் புதைப்பது போலவே கிளிஞ்சல்களையும் புதைத்துவிட்டு, நூற்றைம்பது ஆண்டுகள் அந்த மணலின்மேல் நிம்மதியாகப் படுத்திருந்தாள்.

பிறகு மூன்று ஆண்டுகள் மழை பொய்த்தது. குட்டை சேறாகி, சேறு பாளம் பாளமாக வெடித்தது. வண்டலி கிளிஞ்சல்களைத் தோண்டி இலையில் மூட்டை கட்டி, எட்டு நாள் நடந்து நெடுமடுவை அடைந்தாள். அங்கும் நீர் பாதியாகியிருந்தது.

மடுவின் காவலன் துடுப்பன் என்னும் நீர்நாய். மூட்டையைப் பார்த்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"ஆமையம்மா! இவ்வளவுக்கும் சேர்த்து ஒரு நாவற்பழம் தருவார்கள். அதுவும் அணில் கடித்ததாக இருக்கும்!"

"ஒரு கிளிஞ்சலுக்கு ஒரு தேனடை என்று அரசர் வாக்குக் கொடுத்தார், தம்பி!"

"எந்த அரசர்?"

வண்டலி பெயரைச் சொன்னாள். துடுப்பன் அதைக் கேள்விப்பட்டதே இல்லை.

அப்போது இன்றைய கரடியரசன் நீர் குடிக்க வந்தான். வண்டலி நேராகவே கேட்டாள்: "அரசே, என் கிளிஞ்சல்களின் மதிப்பைத் திருடியவர் யார்?"

கரடி கோபிக்கவில்லை, உண்மையிலேயே யோசித்தான். "யாரும் திருடவில்லையே! என் பூட்டனார் பஞ்சம் வந்ததால் கொஞ்சம் அதிகமாகக் கீறினார். பாட்டனார் போர் வந்ததால் கீறினார். அப்பா தம் திருமணத்துக்காகக் கீறினார்."

"தாங்கள்?"

"காலையில் எழுந்ததும் கீறாவிட்டால் எனக்கு நகம் அரிக்கிறது."

"தேனடைகளும் பெருகினவா?"

"தேனீக்கள் என் நகத்தைப் பார்த்துக் கூடு கட்டுவதில்லையே!"

வண்டலி தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டாள். முட்டையைப் புதைத்தால் குஞ்சு வரும். கீறலைப் புதைத்தால் கீறல்தான் வரும். இதை யோசிக்காமல் ஒன்றரை நூற்றாண்டு அதன்மேல் படுத்திருந்ததை நினைக்க வெட்கமாக இருந்தது. திரும்பிப் போனால் சாவு நிச்சயம்.

துடுப்பனின் சிரிப்பு அடங்கிவிட்டது. "உங்களுக்கு வேறு என்ன தெரியும், ஆமையம்மா?"

"புதைக்கத் தெரியும்," என்றாள் கசப்போடு.

"புதைப்பதற்கு முன் என்ன செய்வீர்கள்?"

"தோண்டுவேன். வேறென்ன?"

துடுப்பன் துள்ளி எழுந்தான். "மடுவின் ஊற்றுக்கண்ணை மணல் மூடிவிட்டது. நான் கிளறினால் நீர் கலங்குகிறதே தவிர, கண் திறக்கவில்லை. தோண்டித் தாருங்கள்! கரையில் உங்களுக்கு இடம் உண்டு!"

வண்டலி நான்கு நாள் தோண்டினாள். ஐந்தாம் நாள் ஊற்று பீறிட்டது. மகிழ்ந்துபோன கரடி, ஆயிரம் கிளிஞ்சல்களைக் கீறிப் பரிசளிக்க உட்கார்ந்தான்.

"நகத்தைத் தேய்த்துக்கொள்ளாதீர்கள், அரசே! இடம் போதும்!" என்ற வண்டலி, மறுநாளைக்குக்கூடக் காத்திராமல் ஈரக் கரையில் ஏறி அமர்ந்தாள்.

பணம் என்பது ஆள்வோர் தரும் வாக்கு. அதைக் கொண்டு இன்றைய தேவையை வாங்கலாம், நூற்றாண்டுகளை வாங்க முடியாது.