தொட்டி எலுமிச்சையும் ஒரு மதியத் தூக்கமும்

“அம்மா, இந்த மரத்த வேற யாருகிட்டயாவது குடுத்துருங்க. என் கை ஆகாத கை.”

ஆவுடையப்பன் இப்படிச் சொல்லிவிட்டு, துண்டில் முடிந்து வைத்திருந்த மஞ்சள் இலைகளை அம்மையின் முன்னால் தரையில் கொட்டினார்.

அம்மை இலைகளைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

“எத்தனை?”

“பதினாலு. இன்னைக்குக் காலையில மட்டும்.”

“எண்ணினீங்களா?”

“எண்ணாம எப்படிம்மா?”

மடத்தின் குருவான அம்மைக்கு வயது நாற்பத்திரண்டு. ஆவுடையப்பனுக்கு அறுபத்தாறு. சீடர் குருவைவிட இருபத்துநாலு வயது மூத்தவர் என்பதில் அங்கே யாருக்கும் கூச்சமில்லை. அவள் அவரை ஐயா என்பாள், அவர் அவளை அம்மா என்பார். சரியாய்ப் போய்விடும்.

மடம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மேல்மலையில் ஓடு வேய்ந்த ஒரு கூடம், ஓர் அடுப்படி, நாலு அறை. இருப்பது ஐந்து பேர். மார்கழி பிறந்தால் புல்லின் மேல் உப்புத் தூவியதுபோல் உறைபனி படியும் ஊர் அது. எலுமிச்சை வெளியே நின்றால் ஒரே வாரத்தில் கருகிவிடும். அதனால் கார்த்திகைத் தீபத்துக்கு மறுநாள் தொட்டியோடு தூக்கிவந்து கூடத்தின் தெற்கு ஜன்னலோரம் வைப்பார்கள். சிவராத்திரி கழிந்துதான் அது மறுபடி வாசலைப் பார்க்கும்.

இந்த வருஷம் அம்மை அந்தப் பொறுப்பை ஆவுடையப்பனிடம் கொடுத்திருந்தாள். போயும் போயும் அவரிடம்.

அவர் மலையேறி வந்ததே ஒரு மதியத் தூக்கத்தால்தான். அம்பாசமுத்திரத்தில் தபாலாபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். படுக்கையில் விழுந்துவிட்ட மனைவி செண்பகத்தை நாலு வருஷம் தன் கையாலேயே பார்த்துக்கொண்டார். கஞ்சி ஊட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது, தலைவாரிப் பின்னிவிடுவது எல்லாம் அவர்தான். அந்த நாலு வருஷத்தில் ஒரே ஒரு நாள், மத்தியானம், நாற்காலியில் உட்கார்ந்தபடியே அரைமணி நேரம் கண்ணசந்துவிட்டார். விழித்துப் பார்த்தபோது செண்பகம் போய்விட்டிருந்தாள்.

அன்றைக்குப் பிறகு பகலில் அவர் கண்ணை மூடியதில்லை.

“நான் உறங்கித்தாம்மா அவளைத் தொலைச்சேன்” என்று வந்த முதல் நாளே அம்மையிடம் சொன்னார். அம்மை ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. கார்த்திகை வந்ததும் எலுமிச்சையைக் காட்டி, “பாத்துக்கோங்க” என்றாள். அவ்வளவுதான்.

மனிதர் பார்த்துக்கொண்டார். அப்படிப் பார்த்துக்கொண்டார்! ஈரத்துணியால் இலை இலையாகத் துடைத்தார். எல்லாப் பக்கமும் வெயில் படட்டும் என்று நாலு நாளைக்கு ஒருமுறை தொட்டியைத் திருப்பி வைத்தார். சாப்பாட்டுக்கும் குளிக்கவும் போகும் நேரம் தவிர அதன் பக்கத்திலேயே கிடந்தார். தை பிறந்தபோது மரம் பாதி மொட்டையாகிவிட்டது.

“தண்ணி எப்படி விடுறீங்க?” என்று கேட்டாள் அம்மை.

“நீங்க சொன்ன மாதிரிதான். ரெண்டு கணு ஆழத்துக்கு விரலை விட்டுப் பாப்பேன். காஞ்சிருந்தாத்தான் ஊத்துவேன். மார்கழி பொறந்தப்ப ஒரு செம்பு ஊத்தினது.”

“அதுக்கப்புறம்?”

“ஊத்தவே இல்லையே! மண்ணு காய மாட்டேங்கு. ஈரம் அப்படியே கெடக்கு. என்ன மாயமோ தெரியல.” கொட்டிய இலைகளில் ஒன்றைக் கையில் எடுத்தார். “இதுவும் என் கண்ணு முன்னாலயே போயிரும் போலிருக்கும்மா. இன்னொரு தடவ என்னால தாங்க முடியாது.”

அம்மை இலைகளைக் கையால் ஒதுக்கிக் குவித்தாள்.

“சாப்பிட்டாச்சா?”

“ஆச்சு.”

“அப்ப போய் மரத்துக்குப் பக்கத்துல படுங்க.”

“படுக்கவா? பட்டப்பகல்லயா?”

“கண்ணை மூடிக்கிட்டுப் படுங்க. என்ன சத்தம் கேட்டாலும் எந்திரிக்கக் கூடாது.”

“எனக்கு உறக்கம் வராது.”

“உறங்கச் சொல்லலையே ஐயா. படுக்கத்தானே சொன்னேன்.”

குரு வாக்கு. மீற முடியுமா? பாயை விரித்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, மரத்தின் பக்கமாக ஒருக்களித்துப் படுத்தார். கண்ணை மூடியதுதான் தாமதம். அந்த நாற்காலி, அந்த மத்தியானம், எல்லாம் மேலே வந்து உட்கார்ந்தன. எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். இமைக்கு நடுவில் மட்டும் நூலளவு இடைவெளி விட்டுக்கொண்டார். அதுவும் கூடாது என்று அம்மை சொல்லவில்லையே.

முதலில் வளையல் சத்தம் கேட்டது. சமையல் செய்யும் பாக்கியம்.

“ஆத்தீ, ஐயா தூங்குறாரு!” என்று தனக்குள் சொல்லி மோவாயில் கை வைத்தாள். பிறகு பூனைபோல் நடந்துவந்து மரத்தின் முன்னால் குனிந்தாள்.

“குடி கண்ணு. அரிசி கழுவுன தண்ணி. உடம்புக்கு நல்லது.”

ஒரு குண்டான் தண்ணீரும் தொட்டிக்குள் போனது. திரும்பும்போது, வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவர் பாதங்களின் மேல் கம்பளியை இழுத்துவிட்டுப் போனாள்.

ஆவுடையப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் அசையவில்லை.

அடுத்து சந்தியாகு. முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். அடிமேல் அடிவைத்து நடந்தாலும் பலகைத் தரை முனகும். ஓடி நின்ற லாரியின் எஞ்சினைத் தொட்டுப் பார்ப்பதுபோல் தொட்டியின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தார்.

“என்னா சூடு. இப்படிக் காஞ்சா தாங்குமா?”

ஒரு சொம்பு ஊற்றினார். போகிறபோக்கில் ஜன்னல் திரையை இழுத்து, படுத்திருப்பவர் முகத்தில் வெயில் அடிக்காமல் மறைத்துவிட்டார்.

மூன்றாவது ஓதுவார் கோமதிநாயகம். கையில் பித்தளைச் செம்பு. காலையில் சாமிக்கு அபிஷேகம் செய்த நீர். கால் படும் இடத்தில் அதைக் கொட்டக் கூடாது என்பதில் அவர் கறார். எனவே தொட்டியில் கொட்டினார். கையோடு ஒரு சிட்டிகை விபூதி எடுத்து ஆவுடையப்பன் நெற்றியில் மெல்லப் பூசிவிட்டு, உதட்டுக்குள் ஏதோ பதிகத்தை முணுமுணுத்துக்கொண்டே போனார்.

அடப்பாவிகளா! ஆவுடையப்பனுக்குத் தொண்டை வரை வந்துவிட்டது. இரண்டு மாதமாக அவர் அடுப்படிப் பக்கமும் கிணற்றடிப் பக்கமும் போனபோதெல்லாம் இந்தக் கூடத்தில் நடந்தது இதுதான் போலிருக்கிறது.

கடைசியாக ஓசையே இல்லாமல் இரண்டு பாதங்கள் வந்தன. வெடிப்பு விட்ட குதிகால். அம்மை.

கையில் சுக்குத் தண்ணீர் டம்ளர். மரத்தின் எதிரில் உட்கார்ந்து ஒரு வாய் குடித்தாள். மொட்டைக் கிளைகளை அண்ணாந்து பார்த்தாள். இன்னொரு வாய் குடித்தாள். மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றினாள்.

“அம்மா!” என்று கத்திக்கொண்டே எழுந்து உட்கார்ந்தார் ஆவுடையப்பன்.

அம்மைக்கு டம்ளர் கை நழுவியது.

“எந்திரிக்கக் கூடாதுன்னேனே?”

“நீங்களுமா?”

அப்போதுதான் அவள் தொட்டியைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள்.

“அடடா,” என்றாள். “கை பழகிப்போச்சு ஐயா. தினமும் மிச்சத்தை…”

தன் குருவின் முகத்தில் அசடு வழிந்து ஆவுடையப்பன் அன்றைக்குத்தான் பார்த்தார். பார்த்ததும், என்னவோ, அவள்மேல் முன்னைவிடப் பிரியம் கூடியது.

ஆவுடையப்பன் தான் பார்த்ததையெல்லாம் சொன்னதும், அம்மை எல்லோரையும் கூப்பிட்டாள். சந்தியாகு தொட்டியைச் சாய்த்து மரத்தை உருவினார். சேறாக மண் வந்தது. வேரெல்லாம் கறுத்து, கொழகொழவென்று நாறியது. பாக்கியம் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஊற்றியது தான் மட்டுமில்லை என்று ஒவ்வொருவருக்கும் புரிந்தது.

நடுவில் விரல் நீளத்துக்கு நாலைந்து வெள்ளை வேர்கள் மட்டும் மிச்சமிருந்தன.

“பொழைக்குமா?” என்றார் ஓதுவார்.

“தெரியாது,” என்றாள் அம்மை.

கத்தரிக்கோலை எடுத்து அழுகிய வேர்களை ஒவ்வொன்றாக வெட்டினாள். வெட்டிக்கொண்டே பேசினாள்.

“ஐயா, பொறுப்பு உங்களது. நீங்களே சொல்லுங்க. இந்த மரம் செத்துப்போனா யார் குத்தம்? பாக்கியமா?”

“சேச்சே!” என்றார் ஆவுடையப்பன். “பச்சப்பிள்ளைக்கு ஊட்டுத மாதிரில்லா ஊட்டிருக்கு. அதப் போயி…”

“சந்தியாகு?”

“பதறிட்டாரு. சூடு தாங்காதேன்னு நெனச்சிருக்காரு. அதுல என்ன குத்தம்?”

“ஓதுவார்?”

“சாமி தீர்த்தத்த வேற எங்கதான் ஊத்துவாரு?”

“நான்?”

ஆவுடையப்பன் சிரித்துவிட்டார். மலைக்கு வந்த பிறகு அவர் சிரித்து யாரும் கண்டதில்லை.

“உங்களச் சொல்ல எனக்கு வாய் வருமாம்மா? எல்லாரும் ஆசையா பாத்துக்கிட்டீங்க. ஒருத்தர் மனசுலயாவது இதுக்குக் கெடுதல் உண்டா? இத்தன பிரியத்துக்கு நடுவுல போகுதுன்னா, அது போற நேரம். இதுக்குப் போய் ஒருத்தரக் குத்தவாளின்னு நிக்க வச்சா, வைக்கிதவன் மனுசனா?”

அம்மை கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். சேற்றுக் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

“அம்பாசமுத்திரத்துல ஒருத்தர், நாற்காலியில உக்காந்தபடியே அரைமணி நேரம் தூங்கிட்டாராம்,” என்றாள். “அவர?”



ஆவுடையப்பனுக்கு நெற்றி விபூதியின் மேல் கை போய் நின்றது. எதிரே நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல வெறும் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“நாலு வருசமா நல்ல உறக்கம் காணாதவன்மா அவன்,” என்றார். “பாவம், அசந்துட்டான்.”