காக்காவுக்குப் புரிந்த மூன்று சொல்

ஏழு ஆற்றுக்கு அந்தப் பக்கம், எப்போதோ ஒரு காலத்தில், மரிக்கொழுந்து என்றொரு சிறுமி இருந்தாள். அவள் இங்கிலீஷ் படிக்கணும் என்று அம்மா வடிவுக்குக் கொள்ளை ஆசை. மந்திரவாதி கும்பாண்டன் வீட்டு வாசலில் இங்கிலீஷ் புத்தகம் ஒன்று கிடந்ததா, கேட்காமலே அம்மா அதைத் திறந்துவிட்டாள். அவ்வளவுதான், அதற்குள் படமாகிப் போனாள்.

"அம்மாவை விட்டுடுங்க மாமா," என்றாள் மரிக்கொழுந்து.

"மூணு இங்கிலீஷ் சொல் தருவேன்," என்றான் கும்பாண்டன். "என் காக்காவுக்குப் புரியிற மாதிரி அர்த்தம் சொல்லு. பொழுது சாயறதுக்குள்ள சொல்லலேன்னா படம் அழிஞ்சிடும்."

துணைக்கு அரண்மனைப் பண்டிதர் வந்தார். முதல் சொல், பில்லோ.

"சயனத்துக்குரிய சிரத்தாங்கி," என்றார் பண்டிதர்.

"புரியலையே, கா."

படத்தில் அம்மாவின் கால் மறைந்தது.

"தூங்கறப்போ தலைக்கு வெச்சுக்கிறது. மெத்துனு இருக்கும்," என்றாள் மரிக்கொழுந்து.

"புரிஞ்சுது, கா." கால் திரும்பி வந்தது.

இரண்டாவது, அம்ப்ரெல்லா.

"மாரித்தாரை தடுக்கும் கவிகை."

"புரியலையே, கா." கை மறைந்தது.

"ஐயா, நீங்க கொஞ்சம் சும்மா இருங்களேன். மழை வந்தா தலைக்கு மேல விரிச்சுப் பிடிக்கிறது. வெயிலுக்கும் ஆகும்."

"புரிஞ்சுது, கா." கை வந்தது.

மூன்றாவது, ஷேர்.

"நம்மகிட்ட இருக்கிறதுல அடுத்தவங்களுக்கும் கொடுக்கிறது," என்றாள் மரிக்கொழுந்து.

"புரியலையே, கா. எனக்கு யாரும் கொடுத்ததே இல்லையே."

"எனக்குந்தான்," என்று முணுமுணுத்தான் கும்பாண்டன்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அம்மாவின் முகம் மங்கத் தொடங்கியது. காலையில் அம்மா கொடுத்த கமர்கட்டு ஒன்றை மரிக்கொழுந்து பாவாடை நுனியில் முடிந்து வைத்திருந்தாள். முடிச்சை அவிழ்க்காமலே துணியோடு வைத்து நறுக், நறுக் என்று கடித்தாள். மூன்று துண்டு. காக்காவுக்கு ஒன்று, கும்பாண்டனுக்கு ஒன்று.

"எச்சில் இல்ல மாமா. காக்காக்கடிதான்."

கும்பாண்டன் வாயில் போட்டான். கன்னம் உப்பியது. கண் கலங்கியது.

"இப்பப் புரிஞ்சுது, கா!"

புத்தகத்திலிருந்து அம்மா குதித்து வந்தாள். மகளைக் கட்டிக்கொண்டாள். பிறகு சுற்றிலும் அசைபோடும் வாய்களைப் பார்த்தாள்.

"எனக்கு எங்கடி?"

மரிக்கொழுந்து கையை விரித்தாள். தன் துண்டை அவள் தின்னவே இல்லை.

கும்பாண்டன் புத்தகத்தின் மந்திரத்தைக் கழற்றிவிட்டு மரிக்கொழுந்திடமே கொடுத்தான். இனிமேல் தினமும் வந்து படிக்கச் சொன்னான். அந்தக் கமர்கட்டு அவன் வாயில் இன்னும் கரையவில்லையாம். கரையும்வரை அவர்களுக்கும் நல்லது, கேட்ட உங்களுக்கும் நல்லது.