நிற்காத ரயிலின் ஜன்னல்

மூன்றாம் முறையும் மெஹருன்னிசா பாதியிலேயே புரொஜெக்டரை நிறுத்தியபோது, காத்தமுத்து வாத்தியாருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. முப்பது வருடமாகக் கணக்குப் பாடம் நடத்துகிறவர் அவர். கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் இந்தப் பெண்ணுக்கு அவர் வயதில் பாதிதான் இருக்கும். ஆனால் நாலு பேர் முன்னால் ஸ்லைடு காட்டிப் பேச வேண்டுமென்றால், அந்த வட்டாரத்தில் அவளை விட்டால் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. கற்றுக்கொள்ள வந்த இடத்தில் வயசு எதற்கு என்று முதல் நாளே 'டீச்சர்' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்.

"பதினோராவது ஸ்லைடுதானே ஆச்சு டீச்சர்? அதுக்குள்ள ஏன் நிறுத்திட்டீங்க?"

"மொத்தம் எத்தனை சார்?"

"நாப்பத்திரெண்டு."

"உங்களுக்கு எத்தனை நிமிஷம் கொடுத்திருக்காங்க?"

"பத்து."

கணக்கு வாத்தியாருக்கு அதை வகுத்துக் காட்ட வேண்டியதில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மேலக்கோவனூர் ஸ்டேஷனில் சாயங்கால ரயில் நிற்பதை ரத்து செய்து இரண்டு வருடமாகிறது. வருகிற புதன்கிழமை ரயில்வே அதிகாரிகள் பயணிகளிடம் குறை கேட்கிறார்கள். ஊர் சார்பில் பேசப்போவது இவர். அங்கே காரியம் ஆகாவிட்டால் அடுத்த கால அட்டவணைவரை, அதாவது இன்னும் ஒரு வருடத்துக்கு, ரயில் நிற்காது.

அதனால் அவர் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. வருடவாரியாகப் பயணிகள், வாரநாள் சராசரி, ஒன்பது கிராமத்து மக்கள்தொகை, எல்லாவற்றையும் பொடிப்பொடி எழுத்தில் அடைத்திருந்தார். சுவரில் ஸ்லைடு விழுந்ததும் கரும்பலகையைக் கண்டவர்போல அந்தப் பக்கம் திரும்பிவிடுவார். முதுகைக் காட்டிக்கொண்டே வரிவரியாக வாசிப்பார்.

"இவ்வளவு நேரம் நான் என்ன பண்ணிட்டிருந்தேன் சார்?"

"கவனிச்சிட்டிருந்தீங்க."

"எதிர்க் கடையில போய் டீ குடிச்சிட்டு வந்தேன். நான் போனதும் உங்களுக்குத் தெரியலை, வந்ததும் தெரியலை."

வாத்தியாருக்கு முகம் சுண்டிப்போயிற்று.

அவள் ஒரு நாற்காலியைத் தனக்கு எதிரே இழுத்துப் போட்டாள். "உட்காருங்க. அந்த ரயில் நின்னா யாருக்கு நல்லது?"

"ஊருக்கு. சுத்துப்பட்டு ஒன்பது கிராமத்துல..."

"ஒரே ஒரு ஆளைச் சொல்லுங்க."

அவர் உட்கார்ந்து கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"எனக்கு," என்றார்.

அவர் மனைவி செங்கமலம் நாலு மணி நேரப் பயண தூரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வாரம் முழுக்க அங்கேயே விடுதியில் தங்கல். முன்பெல்லாம் சனிக்கிழமை ஆறேகால் ரயிலில் வந்து இறங்கிவிடுவாள். இப்போது அதே ரயில் அவளை ஏற்றிக்கொண்டு வீட்டைத் தாண்டிப் போகிறது. ஜங்ஷனில் இறங்குவதற்குள் கடைசி பஸ் போய்விடும். வெயிட்டிங் ரூமில் படுத்து, ஞாயிறு காலை பஸ் பிடித்து வந்து, மத்தியானம் சாப்பிட்ட கையோடு கிளம்பிவிட வேண்டும்.

"வரட்டும்னு வீட்ல உட்கார முடியலை டீச்சர். சனிக்கிழமை ஆறு மணிக்கே நல்ல சட்டையா மாட்டிக்கிட்டு பிளாட்பாரத்துக்குப் போயிடுவேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பா. பார்த்துட்டேன்னு நினைக்கிறதுக்குள்ள வண்டி போயிடும். அவளும் வாராவாரம் போன்ல என்னைப் படம் எடுத்து அனுப்புறா. ஒண்ணுகூட உருப்படியா விழலை."

சொன்ன பிறகுதான், இந்த வயசில் இதையெல்லாம் வெளியே சொல்லிவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. ஆனால் ஏக்கம் அந்த வெட்கத்தையும் தின்றுவிட்டது. சனிக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது.

"அந்தப் படமெல்லாம் வச்சிருக்கீங்களா?"

போனை நீட்டினார். எண்பது, தொண்ணூறு படங்கள் இருக்கும். எல்லாவற்றிலும் ஸ்டேஷனின் மஞ்சள் பெயர்ப்பலகை ஒரே இழுப்பாக இழுபட்டிருந்தது. பக்கத்தில் வெள்ளையாக ஒரு கலங்கல். மேலே தூக்கிய கை மாதிரி ஏதோ ஒன்று.

மெஹருன்னிசா அதில் ஒன்றை எடுத்து முதல் ஸ்லைடாக வைத்தாள். பயணிகள் எண்ணிக்கை ஒன்றை மட்டும் பெரிய எழுத்தில் அடுத்ததாக வைத்தாள். மற்றதையெல்லாம் தாளில் அச்செடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"இதை அவங்க கேட்டா கொடுங்க. முதல் படம் வந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிடாதீங்க. அவங்க முகத்தைப் பார்த்து, இப்ப எங்கிட்ட சொன்ன மாதிரியே சொல்லுங்க."

வாத்தியார் அப்போதும் திரும்பித்தான் பார்த்தார். சுவர் முழுக்க அவரே கலங்கி நின்றுகொண்டிருந்தார். செங்கமலத்தின் கண்ணுக்கு இரண்டு வருடமாகச் சனிக்கிழமைதோறும் தான் இப்படித்தான் தெரிகிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் வாத்தியார் புத்தி விடவில்லை.

"பெரிய பெரிய ஆபீசருங்க உட்கார்ந்திருப்பாங்க டீச்சர். படம் ஏன்யா தெளிவா இல்லைன்னு கேட்டா என்ன சொல்றது?"

மெஹருன்னிசா புரொஜெக்டரை அணைத்தாள்.

"ரயில் நின்னா தெளிவா விழும்னு சொல்லுங்க சார்."