இரண்டு முழம் குழாய்

"தாயி, பெருமாயியைக் கொன்னது நானா?"

தாயி மடத்து வாசலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"நெஞ்சுவலின்னு டாக்டரு சொன்னாராமே."

"டாக்டரு என் ஜீப்புல வரலையே, தாயி."

உரித்த கை நின்றது.

மலை மேலே ஒரு பழைய சமாதி. அதை ஒட்டி ஒற்றை அறை. அதுதான் மடம். தாயிக்கு நாற்பது வயது இருக்கும். கேள்வி கேட்ட தவசிக்கு ஐம்பத்து நாலு. சீடன் என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு அவன் ஒருவன்தான்.

வாழ்நாளெல்லாம் லாரி ஓட்டியவன். லாரியும் போய், குடும்பமும் போய், மனசு அடங்கினால் போதும் என்று மலையேறி வந்தான்.

"அடங்குறது இருக்கட்டும். அந்த ஜீப்பு ஓடுமான்னு பாரு" என்றாள் தாயி அன்றைக்கு.

யாரோ ஒரு பக்தர் தானம் என்ற பேரில் தள்ளிவிட்டுப் போன கிழட்டு ஜீப். தவசி அதை ஓட வைத்தான். மலைமேல் ஊருக்கு வேறு வண்டி கிடையாது. அரிசி அதில்தான் ஏறும். நோயாளிகள் அதில்தான் இறங்குவார்கள்.

"என்ன நடந்துச்சுன்னு சொல்லு" என்றாள் தாயி.

"உங்களுக்குத் தெரியாததா?"

"தெரிஞ்சதையே சொல்லு."

தவசி சொன்னான்.

மழைக்காலத்தில் ஜீப்பின் புகைக்குழாய் மொத்தமாக இற்றுப்போனது. எஞ்சினிலிருந்து பின்பக்கம் வரை ஒரு துண்டும் தேறவில்லை. பாதையில் கிடக்கும் பாறைகள் மிச்சத்தையும் பெயர்த்துப் போட்டன. புதுசாக வாங்கி மாட்ட மடத்துக்கு வக்கில்லை.

கீழே டவுனில் பழைய இரும்புக் கடையைக் கிளறி, ஏதோ ஒரு வேனின் சைலன்சரைத் தேடி எடுத்தான். தண்ணீர்க் குழாயை வளைத்து முன்பக்கம் பற்றவைத்தான். கையிருப்பு அதோடு சரி.

சைலன்சருக்குப் பின்னால் இன்னும் இரண்டு முழம் குழாய் வேண்டும். அச்சின் மேலே ஏறி இறங்கி, வண்டிக்கு வெளியே புகையைக் கொண்டுபோய் விடுகிற குழாய்.

"இது எதுக்குண்ணே வெட்டிச் செலவு?" என்றான் பற்றவைத்தவன். "சுத்துப்பட்டு மலையெல்லாம் பாதி ஜீப்பு வயித்துக்கு அடியிலதான் புகை விடுது. எவன் செத்தான்?"

தவசி மேலே வந்து தாயியிடம் கேட்டான்.

"அன்னைக்கு நான் உங்ககிட்டக் கேட்டேன்" என்றான் இப்போது. "ரெண்டு முழம் குறையுது, அடுத்த உண்டியல் திறக்குற வரைக்கும் வண்டியை நிறுத்தி வைக்கவான்னு."

"கேட்ட."

"என்ன சொன்னீங்க?"

"ஓடுதுல்ல, போதும்னேன்."

தாயி அடுத்த மொச்சையை எடுத்தாள்.

மலையில் நோயாளியை இறக்குவதற்கு ஒரு முறை உண்டு. ஜீப்பின் பின்புறத் தரையில் பாய் விரிப்பார்கள். அதில் படுக்க வைத்துக் கம்பளியால் மூடுவார்கள். பிறகு நாலு பக்கமும் படுதாவை இறக்கி, ஒரு சந்து விடாமல் கயிற்றால் இறுக்குவார்கள். வீட்டில் யாருக்குப் பிரியம் அதிகமோ அவர் கையால் கட்டுவது வழக்கம். பனிக்காற்று பட்டால் உயிர் தங்காது என்பது மலைக்காரர்களின் நம்பிக்கை.

நெஞ்சுவலி வந்த பெருமாயியை இறக்கிய அன்று கயிறு கட்டியவர் அவள் புருஷன் வீரணன். ஆடுகளை விட்டுவிட்டு வர முடியாமல் மேலேயே நின்றுகொண்டார். மருமகள் செவ்வந்தி மாமியாரின் தலைமாட்டில் உட்கார்ந்து போனாள்.

ஆஸ்பத்திரியில் படுதாவை அவிழ்த்தபோது பெருமாயி செத்திருந்தாள். செவ்வந்தி வாந்தி எடுத்து மயங்கிக் கிடந்தாள். அப்புறம் ரெண்டு மூணு நாள் தலைவலி என்று முனகினாள்.

"வளைவுல வாந்தி எடுக்காதவ யாரு?" என்றது ஊர்.

தவசியும் அப்படித்தான் நினைத்தான். நேற்று ஜீப்பைக் கழுவப் பாயைத் தூக்கும்வரை.

"தரையில துருப்பிடிச்ச ஓட்டை நாலஞ்சு இருக்கு, தாயி. பாயோட அடியில, அவ தலை வச்ச இடத்துல, கரி. வட்டமா. விரல்ல தொட்டா ஒட்டுது."

தாயி முறத்தைத் தள்ளி வைத்தாள்.

"வீரணன்கிட்டச் சொன்னியா?"

"எப்படிச் சொல்றது? பொகையை விட்டது நான். அது வெளியேற விடாமக் கட்டுனது அவரு. என் பாவத்தைச் சொன்னா அவரு தலையிலயும்ல விழும்?"

"சொல்லாம இருந்தா?"

"தினம் மடத்துக்கு வந்து எனக்குக் கும்பிடு போடுறாரு."

தாயி எழுந்து உள்ளே போனாள். பதில் வரும் என்று தவசி அங்கேயே இருந்தான். வெயில் சாய்ந்தது. அவள் வெளியே வரவில்லை.

மறுநாள் காலையில் அவன் ஜீப்பருகே போனபோது, பின்னால் அந்தப் பாயில் தாயி மல்லாந்து படுத்திருந்தாள்.

"படுதாவை இறக்கு" என்றாள்.

"எதுக்கு?"

"அன்னைக்கு எப்படிக் கட்டியிருந்துச்சோ அப்படிக் கட்டு. ஆஸ்பத்திரி வரைக்கும் ஓட்டு."

"வேணாம், தாயி. விளையாடாதீங்க."

"நீ கேட்டதுக்கு என் வாயில பதில் இல்ல. வேற எங்க தேடுறது?"

"நீங்க செத்துப்போயிட்டா?"

"உனக்குப் பதில் கிடைச்சிரும்."

"பொழைச்சுட்டா?"

"மொச்சைக் குழம்பு."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. கயிற்றை எடுத்தான். முடிச்சு விழவில்லை. விழுந்த முடிச்சும் நெகிழ்ந்தது.

"இது என்ன கட்டு, தம்பி?"

திரும்பினான். வீரணன் நின்றிருந்தார். தோளில் வெறும் சாக்கு. கையில் தூக்குப்பாத்திரம்.

"பதினாறாம் நாள் காரியத்துக்குச் சாமான் வாங்கணும். கீழ போறியோ? நல்லதாப் போச்சு. இந்தா, தேனு. உனக்குத்தான் எடுத்தேன்." பாத்திரத்தை அவன் கையில் திணித்தார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்தார். "அட, தாயி! மேலுக்கு முடியலையா?"

"முடியுது" என்றாள் தாயி. "படுத்துப் போகணும்னு ஆசை."

"சாமியாருக்கு வர்ற ஆசையைப் பாரு" என்று சிரித்தார் வீரணன். தவசியின் கையிலிருந்து கயிற்றை வாங்கினார். "இப்படி லொடலொடன்னு கட்டுனா காத்து புகுந்துரும்ப்பா. தள்ளு."

ஒவ்வொரு மூலையாக இழுத்துக் கட்டினார். கடைசி முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்கினார். உள்ளங்கையால் படுதாவைத் தட்டிப் பார்த்தார்.

"இனிமே எறும்பு போகாது."

தவசி தேன் பாத்திரத்தைச் சீட்டோரம் வைத்தான். வண்டியில் ஏறினான்.

முன்பக்கம் கதவில்லாத ஜீப். காற்று முகத்தில் அறைந்தது. வீரணன் பேசிக்கொண்டே வந்தார். கேட்க ஆள் கிடைத்தால் துக்கத்துக்குக் கால் முளைக்கும் போலும், எங்கெங்கோ நடந்தது.

"அவளுக்கு உன் வண்டின்னா இஷ்டம். சந்தைக்குப் போறப்ப பின்னாடிதான் உக்காருவா. ஏண்டின்னு கேட்டா, முன்னாடி உக்காந்தா வர்றது தெரியும், பின்னாடி உக்காந்தா வந்தது தெரியும்னு சொல்லுவா. பைத்தியக்காரி."

"தாயி!" என்று தவசி பின்னால் பார்த்துக் கத்தினான்.

"ரோட்டைப் பாரு" என்றது படுதாவுக்குள்ளிருந்து குரல்.

"நான் கூட வந்திருக்கணும்" என்றார் வீரணன். "ஆடு கிடந்தா கிடக்குதுன்னு வந்திருக்கணும். அதுதான் அறுக்குது. ஆனா நீ இருந்த. நீ மட்டும் இல்லேன்னா அவ குடிசையிலயே முடிஞ்சிருப்பா. ஒரு முயற்சி பண்ணிப் பாத்தோம்னு மனசுக்கு ஒரு இது இருக்குல்ல? அதை நீதான குடுத்த."

தவசி பின்னால் திரும்பினான்.

"தாயி!"

"ம்" என்றது குரல். மெல்ல.

அடுத்த வளைவு. அதற்கடுத்த வளைவு.

"தாயி!"

குரல் இல்லை.

பாறை ஓரம் ஜீப்பை அடித்து நிறுத்தினான். பின்னால் ஓடினான். முடிச்சு அவிழவில்லை. நகத்தால் பிராண்டினான். சீட்டுக்கு அடியில் கிடந்த அரிவாளை எடுத்துக் கயிற்றை அறுத்தான். படுதாவைத் தூக்கியதும் சூடான நெடி மூக்கில் ஏறியது.

தாயியின் கண்கள் பாதி திறந்திருந்தன. அவளைத் தூக்கி வந்து புல்லில் கிடத்தினான். அவள் புரண்டு வாந்தி எடுத்தாள். பிறகு மூச்சு வாங்கினாள். முகம் வெளுத்திருந்தது.

தவசி அவள் பக்கத்தில் மண்டியிட்டான்.

"சொல்லுங்க தாயி. நான்தானா?"

"தலை பொளக்குது. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

"பெருமாயி?"

"தெரியல."

"அவளுக்கு ஏற்கெனவே நெஞ்சுவலி இருந்துச்சு. இல்ல?"

"இருந்துச்சு."

"பொகை இல்லேன்னா பொழைச்சிருப்பாளா?"

"தெரியல."

"அப்ப எதுக்கு இதெல்லாம் பண்ணீங்க?"

தாயி வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் அன்னைக்குச் சொன்ன 'போதும்' எவ்வளவு போதும்னு பாத்தேன்."

வீரணன் ஜீப்பைப் பிடித்தபடி நின்றிருந்தார். அவர் முகத்தில் இன்னும் ஒன்றும் விளங்கவில்லை.

"என்ன தம்பி இது? என்ன பொகை? பெருமாயி பேரை எதுக்கு இழுக்குறீக?"

தவசி தாயியைப் பார்த்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

சொன்னான். குழாய் இற்றது. காசு முடிந்தது. இரண்டு முழம் குறைந்தது. புகை வண்டியின் அடியிலேயே நின்றது. தரையின் ஓட்டை. பாயில் கரி. எல்லாம் சொன்னான். கயிற்றைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

"அதனாலதான் செத்தாளான்னு எனக்குத் தெரியாதுங்கய்யா. அதனால இல்லேன்னும் எனக்குத் தெரியாது. சாகுற வரைக்கும் தெரியாது."

வீரணன் அசையவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வண்டியின் அடியிலிருந்து புகை கசிந்து, ஓரத்துப் புல்லைத் தடவிக்கொண்டு போனது. அவர் அதையே பார்த்தார்.

பிறகு பார்வை மேலே ஏறியது. பாய்க்கு. கம்பளிக்கு. அறுந்து தொங்கிய கயிற்றுக்கு.

கயிற்றின் நுனியில் அவர் பல்லால் கடித்த முடிச்சு அப்படியே இருந்தது. அதை இரண்டு விரலால் பிடித்தார். பிடித்தபடி வெகுநேரம் நின்றார்.

"காத்து புகுந்திருந்தா?" என்று கேட்டார்.

தவசி குனிந்து தரையைப் பார்த்தான்.

வீரணன் தரையில் உட்கார்ந்தார். அழுவார் என்று தவசி எதிர்பார்த்தான். அடிப்பார் என்று எதிர்பார்த்தான். அவர் இரண்டும் செய்யவில்லை. உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார், யாருடைய கைகளோ போல.

தவசி எழுந்து போய் எஞ்சினை அணைத்தான். சாவியை உருவி வந்து தாயியின் காலடியில் போட்டான்.

"இனி இதை நான் தொடமாட்டேன். பழைய இரும்புக்குப் போகட்டும். நானும் எங்கேயாவது போறேன்."

தாயி சாவியை எடுத்தாள். கால் தள்ளாட நடந்து போனாள். அதை வீரணனின் கையில் வைத்தாள். பிறகு ஒரு கல்லில் போய் உட்கார்ந்தாள்.

வீரணன் சாவியைப் பார்த்தார்.

"எனக்கு ஓட்டத் தெரியாது, தாயி."

தாயி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேலே ஊர். கீழே டவுன். நடுவில் மூன்று பேர். வேறு வண்டி வருகிற பாதை இல்லை அது.

கடைசியில் வீரணன் முழங்காலில் கையூன்றி எழுந்தார். தவசியின் முன்னால் வந்து நின்றார். சாவியை நீட்டினார்.

"ஓட்டு."

தவசியின் கை எழவில்லை.

"என்னை மன்னிச்சுட்டீங்களாய்யா?"

"இல்ல" என்றார் வீரணன்.

நீட்டிய கையை அவர் இழுத்துக்கொள்ளவில்லை.