நம்பகமான இடம்

ஆலங்காட்டு விதைக் கழக அலுவலகத்தில் உத்தரவை மீறியவர் என்று ஒருவரும் கிடையாது. உத்தரவைப் புரிந்துகொண்டவர் என்றும் ஒருவரும் கிடையாது. அங்கேதான் வான்மதி ஆறு மாத ஒப்பந்தத்தில் வேலை பார்த்தாள்.

எந்தக் கிடங்கில் எந்த விதை இருக்கிறது, எதை எந்த மாதத்துக்குள் விதைக்க வேண்டும் என்று கேட்டவுடன் சொல்லும் மென்பொருளை அவள் எழுதி முடித்திருந்தாள். வெள்ளிக்கிழமை இணை இயக்குநர் வருகிறார். அவர் முன்னால் அது திறந்தால் ஒப்பந்தம் ஒரு வருடம் நீளும். திறக்காவிட்டால் அன்றோடு சரி.

அவளுடைய கம்ப்யூட்டரில் சமர்த்தாக ஓடியது, அலுவலகக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் முரண்டு பிடித்தது. 'இந்தக் கோப்பு நம்பகமான இடத்தில் இல்லை. திறக்க முடியாது' என்றது திரை.

"சார், ஒரு ஃபோல்டரை நம்பகமான இடம்னு பதிவு பண்ணணும். உங்க பாஸ்வேர்டு போட்டா ஒரு நிமிஷ வேலை" என்றாள் கண்காணிப்பாளர் மாசிலாமணியிடம். அவள் குரல் அவளுக்கே பாதிதான் கேட்கும்.

"பாஸ்வேர்டு யாருக்கும் தெரியக்கூடாதுன்னு சுற்றறிக்கை வந்திருக்கும்மா. பாஸ்வேர்டு வந்த கவரை நானே பிரிக்கலை. யாருக்கும்னா, அதுல நானும் அடக்கம்தானே?"

எழுத்தர் திருவேங்கடத்தின் காதில் ஃபோல்டர் மட்டும் விழுந்தது. அட்டை ஃபோல்டர் ஒன்றில் சிவப்பு மையால் 'நம்பகமான இடம்' என்று எழுதி, சிபியு பெட்டியைச் சுற்றி நாடாவால் கட்டினார். திரை அசைந்துகொடுக்கவில்லை.

நம்பகமான இடம் எது என்று உடனே கூட்டம் போட்டார்கள்.

"கம்ப்யூட்டரை என் மேசையிலே வைக்கலாமே" என்றார் திருவேங்கடம்.

"உங்க மேசையிலேருந்துதான் சார் என் குடை போச்சு" என்றாள் தட்டச்சர் பரிமளம். "பீரோ?"

"பீரோவிலே வச்ச விடுப்புப் பதிவேட்டை எலி தின்னுடுச்சேம்மா" என்றார் திருவேங்கடம்.

"தின்னுச்சு. ஆனா யார்கிட்டயாவது சொல்லுச்சா?"

மாசிலாமணி நெடுநேரம் யோசித்தார். "எலி ரகசியத்தைக் காப்பாத்தியிருக்கு. பீரோதான்."

கம்ப்யூட்டர் பீரோவுக்குள் போனது. ஒயர் போக முதுகில் ஓட்டை போட்டார்கள். கதவு திறந்திருந்தால் பாதுகாப்பில்லை என்பதால், திரையில் என்ன தெரிகிறதென்று பார்க்கத் திருவேங்கடத்தையும் உள்ளே வைத்துப் பூட்டினார்கள்.

"என்ன தெரியுது?"

"இருட்டா இருக்கு சார்."

"மானிட்டரைப் போட்டீரா?"

"ஸ்விட்ச் வெளியிலே இருக்கு சார்."

வெள்ளிக்கிழமை இணை இயக்குநர் சந்திரகாசன் வந்தார். பீரோவைச் சுற்றி வந்து முதுகைப் பார்த்ததும் முகம் சிவந்தது. வான்மதிக்கு உயிர் வந்தது. விவரம் தெரிந்த மனிதர்!

"ஓட்டை போட்ட பீரோவை எவன்யா நம்புவான்?" என்றார் அவர்.

வந்த உயிர் திரும்பிப் போனது. வேலை கையைவிட்டுப் போகிற பதற்றத்தில் அவள் மனப்பாடமாகவே ஒப்பிக்க ஆரம்பித்தாள். "மூணாவது கிடங்கு, குதிரைவாலி, நாப்பது மூட்டை, ஆடிக்குள்ளே விதைக்கணும். நாலாவது கிடங்கு, துவரை..." ஒன்பதாவது கிடங்கு வரை மூச்சுவிடவில்லை.

சந்திரகாசன் நாற்காலியில் அமர்ந்துவிட்டார். "எல்லாமே இந்தப் பொண்ணுக்குள்ளே பத்திரமா இருக்கே! நம்பகமான இடத்தைப் பக்கத்திலே வச்சுக்கிட்டு பீரோவைத் துளைச்சிருக்கீங்களேய்யா!"

அங்கேயே உத்தரவு எழுதினார்: ஒப்பந்தம் ஒரு வருடம் நீட்டிக்கப்படுகிறது. பதவி: நம்பகமான இடம். கோப்பை அவ்விடத்தில் வைத்துத் திறந்து காட்டியபின் இது நடைமுறைக்கு வரும்.

வான்மதியை உட்காரவைத்து, சிபியு பெட்டியை அவள் மடியில் வைத்தார்கள். மானிட்டர் எதிரே மேசையில். திருவேங்கடம் கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினார்.

'இந்தக் கோப்பு நம்பகமான இடத்தில் இல்லை.'

நாலு பேரும் திரையைப் பார்த்தார்கள். பிறகு மூன்று பேர் அவளைப் பார்த்தார்கள். சந்திரகாசன் உத்தரவை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

மாசிலாமணி குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மறைக்காமச் சொல்லும்மா. வெளியிலே யார்கிட்ட என்ன சொன்னே?" என்றார்.

பரிமளம் மேசைமேல் இருந்த தன் கைப்பையை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.