சூடம் காட்டிய கிணறு

மூடிக்கிடந்த பெட்ரோல் பங்க்கை ஒட்டித்தான் இசக்கியம்மாள் வீட்டுக் கிணறு. அந்தத் தண்ணீரில் குளிப்பாட்டிய கைக்குழந்தைக்கு உடம்பெல்லாம் கொப்புளம். அவள் புகார் எழுதிப்போட, மண்ணைச் சோதிக்க அதிகாரி வந்தார். பங்க் முதலாளி தங்கப்பழம் வழிமறித்தார்.

"என் இடத்துல கடப்பாரை படக்கூடாது சார். எண்ணெய் கசிஞ்சிருக்குன்னா, தோண்டாம நிரூபிக்கட்டும் இவ!"

அதிகாரி தயங்கினார். இசக்கியம்மாள் அவர் முகத்தைப் பார்த்தாள். இவரும் போய்விட்டால் அப்புறம் யார் வருவார்?

"சரி அண்ணாச்சி, தோண்ட வேண்டாம். வெள்ளிக்கிழமையாச்சே, கிணத்துக்குச் சூடமாவது காட்டிக்கிடுதேன்" என்று தீப்பெட்டியோடு கிணற்றுக்குள் குனிந்தாள்.

"ஏட்டி, வேண்டாம்! பத்திக்கிடும்!" என்று அலறி நாலடி பின்னால் தாவினார் தங்கப்பழம்.

"தண்ணி எப்படிய்யா பத்தும்?" என்ற அதிகாரி, கடப்பாரையை எடுக்கச் சொன்னார்.

இசக்கியம்மாள் தீப்பெட்டியைத் திறந்து காட்டினாள். உள்ளே ஒரு குச்சிகூட இல்லை.