ஒரே ஆக்சிலில் இரண்டு சக்கரம்

பொன்னுரங்கம் உடைந்த ஆக்சிலைக் கொண்டுவந்து ரெஜினாவின் லேத்துப் பட்டறை மேசைமேல் போட்டார். வைக்கவில்லை, போட்டார். இது மூன்றாவது ஆக்சில்.

சங்ககிரிப் பக்கம் ரிமோட்டில் ஓடும் சின்ன லாரிகளைக் கட்டுகிறவர்கள் எல்லோருக்கும் ரெஜினாதான் குரு. அவளுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. இத்தனை வயசுக்கு மேல் ஒரு சின்னப் பொம்பளையிடம் சிஷ்யன் என்று நிற்க வேண்டியிருக்கிறதே என்ற கடுப்பு பொன்னுரங்கத்துக்கு முதல் நாளிலிருந்தே உண்டு. என்ன செய்வது? ஞாயிற்றுக்கிழமை பழைய கல்குவாரியில் பந்தயம். வருஷா வருஷம் அதில் ஜெயிக்கிறவன் சடையப்பன். பொன்னுரங்கத்துக்கு விரல் நடுங்க ஆரம்பித்துவிட்டது. அடுத்த வருஷம் ரிமோட்டைப் பிடிக்க முடியாது. சடையப்பன் தோற்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் இந்த ஞாயிறு ஒன்றுதான் பாக்கி.

"எங்கீங்கய்யா உடைஞ்சுது?" என்று கேட்டாள் ரெஜினா.

"கண்ணு முன்னாடிதான கெடக்குது? நடுவுல."

"அதைக் கேக்கலீங்க. நேர் வழியிலயா, வளைவுலயா?"

"உடைஞ்சது உடைஞ்சதுதான் அம்மணி! வளைவுல உடைஞ்சா ஒரு மாதிரியும் நேர்ல உடைஞ்சா ஒரு மாதிரியுமா ஒட்ட வைப்பீங்க?"

அவர் கூடவே கொண்டுவந்திருந்த குட்டி லாரியை அவள் கவிழ்த்துப் பார்த்தாள்.

அடிச்சட்டமான சேஸிஸ் அவரே வரைந்து அவரே அறுத்தது. ஏற்றத்தில் பின்னால் சாயக் கூடாதென்று சடையப்பன் வண்டியைவிட நாலு விரல் நீளம் வைத்திருந்தார். கியர்பெட்டியும் அவர் கை வேலைதான். ரெஜினா அதையெல்லாம் விட்டுவிட்டுப் பின் ஆக்சிலில் இரண்டு சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியலைத் திறந்தாள். உள்ளே தனித்தனியாகச் சுற்ற வேண்டிய குட்டிப் பற்சக்கரங்கள் வெல்டு வைத்து ஒரே கட்டியாக இருந்தன.

"இதை யாருங்க பூட்டினது?"

"நான்தான். பூட்டாம விட்டா என்ன நடக்குது? ஒரு சக்கரம் கல்லு மேல ஏறி அந்தரத்துல நின்னா, மோட்டாரு முக்குறது பூராம் அதுக்குத்தான் போகுது. அது பாட்டுக்குச் சும்மா சுத்துது. தரையைக் கவ்விப் புடிச்சு நிக்கற சக்கரத்துக்கு ஒண்ணுமில்ல. இது என்னங்க நியாயம்? அதான் ரெண்டையும் சேத்து வெல்டு வெச்சேன். இனி ரெண்டும் சரிசமம்."

"ஏத்தத்துல எப்படிப் போகுதுங்க?"

"புலி!"

"வளைவுல?"

பொன்னுரங்கம் மேசைமேல் கிடந்த துண்டுகளைப் பார்த்தார். "அதுக்குத்தான உடையாத ஆக்சில் ஒண்ணு கேக்கறேன்."

ரெஜினா மூலையில் சாத்தியிருந்த நீளமான இரும்புப் பைப்பை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

"ஆக்சில் கேட்டா பைப்பைத் தூக்கறீங்க. போன தடவை கேட்டதுக்கு டீ வாங்கிக் குடுத்தீங்க. ஞாயித்துக்கிழமை வந்து நின்னுட்டிருக்குது அம்மணி!"

"இதுதான் ஆக்சில்னு வெச்சுக்குங்க. அந்த முனையைப் புடிங்க. நான் இந்த முனை. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல அடி வெக்கணும், ஒரே அளவு. அந்த டிரம்மைச் சுத்தி வந்துரலாம்."

ஆயில் டிரம் பொன்னுரங்கத்தின் பக்கம் இருந்தது. இருவரும் அடிக்கு அடி சரியாக நடந்தார்கள். டிரம்மைத் தாண்டினார்கள். நேரே போய்க் காம்பவுண்டுச் சுவரில் பைப்பை முட்டிக்கொண்டு நின்றார்கள்.

"திரும்புங்கய்யா."

"எங்க திரும்பறது? நீங்க எட்டிப் போட்டாத்தான திரும்பும்!"

"போடக் கூடாதுங்களே. சரிசமம்."

பொன்னுரங்கம் பல்லைக் கடித்தார். பைப்பை அவள் தலையிலேயே போட்டுவிட்டுப் போய்விடலாமா என்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமையை நினைத்துக்கொண்டு மறுபடி பிடித்தார். இந்த முறை டிரம் வந்ததும் அவர் நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்தார். ரெஜினா எட்டி எட்டி வைத்துச் சுற்றி வந்தாள். பைப் அழகாகத் திரும்பியது. அடுத்தது கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த மண்மேடு. அது அவள் பக்கம். அவள் நின்றுகொண்டாள், பொன்னுரங்கம் மூச்சு வாங்கச் சுற்றினார்.

பைப்பைக் கீழே போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்தார்.

"சரி, ஒரு வளைவு உங்களுக்கு, ஒரு வளைவு எனக்கு. ஒத்துக்கறேன். வளைவு அத்தனையும் ஒருத்தன் தலையிலயே விழுந்தா?"

"யார் தலையிலீங்க?"

"என் தலையில! நானும் அந்தச் சடையப்பனும் ஒரே லாரியில நாக்பூர் லைன் ஓட்டினோம். ஒருத்தன் ஓட்ட, ஒருத்தன் தூங்கோணும். மலை ரோடு வந்துச்சுன்னா போதும், தட்டி எழுப்பிருவான். 'ரங்கா, ஏந்திரி, மலை வந்துருச்சு.' கொண்டை ஊசி வளைவு பூராம் நானு. அவன் என் போர்வையையே இழுத்துப் போத்திக்குவான். கேட்டதுக்கு, 'ரெண்டு பேருந்தான ஓட்டறோம்'னான். அன்னைக்கு வண்டியை விட்டு எறங்கினவன்தான் நானு. இன்னைக்கு வரைக்கும் பேச்சுவார்த்தை கெடையாது."

"அவரு ஏனுங்க மலையில ஓட்டலை?"

"பயந்தாங்கொள்ளி! பள்ளத்தைப் பாத்தா கை உதறும்."

"நேர் ரோட்டுல?"

"அதுல விடிய விடிய ஓட்டுவான், ஆந்தையாட்டம். கண்ணை இமைக்க மாட்டான்."

"நீங்க?"

"எனக்கு நேர் ரோடுன்னா கண்ணு சொக்கும். உடம்பு வாகு அது. அதுக்கு நான் என்ன பண்றது?"

"லாரி எங்கயாச்சும் கவுந்துச்சுங்களா?"

"கவுறதா? ஒரு கீறல் இல்ல. ஒவ்வொரு நடையும் ஊர் வந்து சேந்துச்சு." அதையும் ஒரு புகாரைப் போலத்தான் சொன்னார்.

ரெஜினா தலையாட்டினாள். பொன்னுரங்கத்துக்கு அந்தத் தலையாட்டல்தான் எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது.

"அதை விடுங்க. வெல்டை அறுக்கச் சொல்லாதீங்க, நான் அறுக்க மாட்டேன். உடையாத ஆக்சில் செஞ்சு தர்றீங்களா, இல்லையா? ஒரே பேச்சு."

"செஞ்சு தர்றேனுங்கய்யா," என்றாள் ரெஜினா. "வளைவுல முறுக்கற முறுக்குக்கு ஆக்சிலுக்குப் பதிலா எது உடையணும்னு மட்டும் சொல்லிருங்க."